பெருமாள் சாம்பாரும் பீர்ச் சட்டியும்

நான்கு வருஷங்களுக்கு முன்னால் ஒரு புரட்டாசி சனிக்கிழமை. இடம், நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரின் மேற்கே கிளென் ஈடன். புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை அங்கே ஒரு சமூக மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, பெருமாளுக்குப் பூஜை செய்து, வருகிறவர்களுக்கு எல்லாம் அன்னதானம் போடுவது எங்கள் பஜனைக் குழுவின் வழக்கம். எப்படியும் நூறு பேருக்கு மேல் வருவார்கள். அந்த நூறு பேருக்கும் சாம்பாரோடு சேர்த்து விஷத்தையும் ஊற்றிக் கொடுக்க இருந்தவள் நான்தான்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் கதை புரியும். நாங்கள் மலேசியாவில் ஈப்போப் பக்கத்தவர்கள். அவர் நகரின் தெற்கே மனுரேவாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். தங்கமான மனுஷர். நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு பஜனையில் கஞ்சிரா வாசிக்க உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவருக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. எங்கள் கராஜில் பீர் காய்ச்சுவார். இது எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. நானும் மூச்சு விட்டதில்லை.

காய்ச்சுவார் என்று பேர்தானே தவிர, பாதி நாள் கழுவிக்கொண்டுதான் இருப்பார். "கழுவுறது வேற, கிருமி நீக்குறது வேற" என்று எனக்கு வகுப்பு எடுப்பார். முதலில் சலவைச் சோடா மாதிரிக் காரமான தூளைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற வைத்து அழுக்கை எடுக்க வேண்டுமாம். அப்புறம் அந்தக் கார வாடையே இல்லாமல் திரும்பத் திரும்ப அலச வேண்டுமாம். அதற்கு அப்புறம்தான் கிருமி மருந்தாம். ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் மொத்தப் பீரும் புளித்துப் போய்விடுமாம். சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் அப்படியே போட்டுவிட்டுப் போகிற மனுஷர், அந்தச் சட்டியை மட்டும் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் குளிப்பாட்டுவார். பேசாமல் அதற்கே தாலியைக் கட்டியிருக்கலாமே என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தேய்ப்பார்.

அது நல்ல கனமான எவர்சில்வர் சட்டி. முழங்காலுக்கு மேல் உயரம். அடியில் ஒரு குழாய் இருக்கும். குழாயைத் தானியச் சக்கை அடைத்துவிடாமல் இருக்க, உள்ளே அடிப்பக்கம் ஓட்டை போட்ட தட்டு ஒன்றைப் பொருத்தியிருப்பார்.

புரட்டாசி வந்தால் எங்கள் வீட்டில் முழு மாசமும் மரக்கறிதான். பீரும் கிடையாது. காய்ச்ச முடியாத வருத்தத்தில் அந்த மாசம் முழுக்கச் சாமான்களைத் தேய்த்துத் தேய்த்து வைப்பார். ஆகவே அந்தச் சட்டியைப் போலச் சுத்தமான பாத்திரம் எங்கள் வீட்டில் வேறு இல்லை என்று நான் நம்பியதில் தப்பும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை பெரியக்கா போன் செய்தார். எங்கள் குழுவின் சமையல் பொறுப்பு அவருடையது. கோலாலம்பூரில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர், அந்தக் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. எல்லோருக்கும் அவர் பெரியக்காதான். குழுவின் அண்டாவில் அடிப்பக்கம் விரிசல் விட்டு ஒழுகுகிறதாம், யாரிடமாவது பெரிய பாத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். யோசிக்காமல் "எங்க வீட்டுல இருக்குக்கா" என்று சொல்லிவிட்டேன். ஏனென்றால் அந்தக் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து பூசணிக்காய் வெட்டுவதைத் தவிர எனக்கு வேறு வேலை கொடுத்ததே இல்லை. அடுப்புப் பக்கம் போகும் ஆசை எனக்கும் இருக்காதா?

"கவிச்சி ஆக்கின சட்டி இல்லையே?" என்று கேட்டார் பெரியக்கா.

"ஐயோ, கவிச்சி பட்டதே இல்லக்கா."

அதில் பொய் ஒன்றும் இல்லை. பார்லியில் ஏது கவிச்சி?

வீட்டுக்காரர் அதிகாலையில் கிளம்ப வேண்டும் என்று அதற்குள் படுத்துவிட்டார். காலையில் நான் எழுந்தபோது அவர் கார் தெற்கே போய்ச் சேர்ந்திருக்கும். என் வீட்டுக் கராஜில் இருக்கிற சட்டிக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்ற நினைப்பில் நான் மூடியைத் திறந்தேன். உள்ளே முக்கால் அளவுக்குத் தண்ணீர், தெளிவாக நின்றது. சரி, கழுவி ஊற வைத்திருக்கிறார் என்று குழாயைத் திறந்து துணி துவைக்கும் தொட்டியில் விட்டேன். தண்ணீர் பட்ட விரல் வழுவழுவென்று இருந்தது. சோப்புத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். குழாயில் வருவது நின்றதும் எட்டிப் பார்த்தேன். ஓட்டைத் தட்டு கண்ணாடி மாதிரி பளபளத்தது. தூக்கும்போது அடியில் களக் களக் என்று கொஞ்சம் தண்ணீர் ஆடியது. மண்டபத்தில் போய்க் கொட்டிக்கொள்ளலாம் என்று என் காரில் ஏற்றிவிட்டேன்.

மண்டபத்தில் போய் இறங்கியதுதான் தாமதம், இரண்டு பேர் வந்து சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பின்பக்கம் கூரைக்குக் கீழே பெரிய கேஸ் அடுப்பு. நான் கைப்பையை வைத்துவிட்டு வருவதற்குள் ஹோஸ் பைப்பைப் போட்டுத் தண்ணீர் நிரப்பி அடுப்பில் ஏற்றியாயிற்று. அடிப்பிடிக்காமல் இருக்க உள்ளே தட்டு வேறு இருக்கிறதே என்று பாராட்டு வேறு. அடியில் நின்ற தண்ணீர் எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. என் கையில் வழக்கம்போல் கத்தியைக் கொடுத்துப் பூசணிக்காய்ப் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் என் யாழ்ப்பாணத்துத் தோழி உட்கார்ந்து கத்தரிக்காய் வெட்டினார். பக்கத்து வீட்டுக்காரர். அவர் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் வருஷா வருஷம் எங்கள் புரட்டாசிக்குக் காய் வெட்ட வந்துவிடுவார். அவர்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் விருந்து என்றால் நான் போய் வெங்காயம் உரிப்பேன். எங்களுக்குள் அப்படி ஒரு கணக்கு.

சட்டியில் பருப்பு கொதித்தது. நுரை பொங்கிப் பொங்கி வந்தது. பெரியக்கா வழித்து வழித்து ஊற்றினார். வழக்கத்தில் பாதி நேரம்கூட ஆகவில்லை, பருப்பு குழைந்துவிட்டது. "என்ன சட்டிம்மா இது! பஞ்சா வெந்துருச்சே!" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

நுரை அடங்கிய பிறகு மஞ்சள் தூளை அள்ளிப் போட்டார். போட்டுக் கிண்டினார். கிண்டக் கிண்டப் பருப்பு சிவந்தது. லேசான சிவப்பு இல்லை. ரத்தச் சிவப்பு.

அடுப்பைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. மஞ்சள் தூளில் கலப்படம் என்றார் ஒருவர். மிளகாய்த் தூள் கரண்டியை உள்ளே விட்டுவிட்டார்கள் என்றார் இன்னொருவர். என் தோழியும் கத்தியோடு எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, ஆலாத்தி கரைச்சு வச்ச மாதிரிக் கிடக்கு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு கேள்வி வந்தது. ஆரத்தி எப்படிக் கரைப்போம்? மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பு சேர்ப்போம். சேர்த்த உடனே சிவக்கும். அப்படியென்றால் இந்தச் சட்டிக்குள் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? காலையிலிருந்து என் விரல் நுனிகள் காய்ந்து சொரசொரவென்று இருந்தது அப்போதுதான் உறைத்தது. காரமான தூள் என்று அவர் சொல்வாரே, அது ஞாபகத்துக்கு வந்தது.

நைசாக விலகி மண்டபத்தின் பக்கவாட்டுக்குப் போய் அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஃபோர்க்லிஃப்டில் ஏறிவிட்டால் போனைத் தொடக்கூடாது. சட்டியில் என்ன ஊற்றி வைத்திருந்தீர்கள், உடனே கூப்பிடுங்கள் என்று மெசேஜ் அனுப்பினேன். அங்கேயே நின்றேன். மழை தூறியது, வெயில் அடித்தது, மறுபடி தூறியது. ஆக்லாந்து வசந்தத்தைப் பற்றிச் சொல்லவா வேண்டும்.

அதற்குள் அடுப்பங்கரையிலிருந்து ஒரு பெரிய ஆரவாரம். ஓடிப்போய்ப் பார்த்தால், பெரியக்கா புளியைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். ஊற்றிய இடமெல்லாம் சிவப்பு போய் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. கிண்டி முடித்தபோது எப்போதும் பார்க்கிற சாம்பார் நிறம். "பெருமாளே!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்கும் உயிர் வந்தது. சரி, மஞ்சள் தூளில்தான் ஏதோ கோளாறு என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"அந்தச் சட்டியவா தூக்கிட்டுப் போன?" என்றார். குரலே மாறியிருந்தது.

"குழாயைத் தொறந்து எல்லாத் தண்ணியையும் விட்டுட்டுதாங்க கொண்டு வந்தேன்."

"தட்டுக்குக் கீழ நிக்குமே! அது குழாய்ல வராது. நான் இன்னும் அலசவே இல்ல!"

"அது கொஞ்சம்தான். இவ்ளோ தண்ணியில கரைஞ்சிருக்கும்."

"இது எப்பவும் போடுற தூள் இல்லம்மா. அடியில கறை போகலன்னு காஸ்டிக் சோடா வாங்கிப் போட்டு வச்சிருக்கேன். கிளவுஸ் இல்லாம தொடவே கூடாது. வாயில பட்டா வெந்துரும். யாரும் வாயில வைக்கக் கூடாது. கொட்டச் சொல்லு. இப்பவே கொட்டச் சொல்லு."

போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். அந்த நிமிஷத்தில் என் மனசு போன போக்கை ஒளிக்காமல் சொல்கிறேன். சாம்பார் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பெருமாளுக்குப் படைப்பதற்கு முன் எங்கள் அடுப்பங்கரையில் யாரும் உப்புக்கூட ருசி பார்க்க மாட்டார்கள். ஆகவே யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நான் வாயைத் திறந்தால் பெருமாளுக்குப் பீர்ச் சட்டியில் சாம்பார் வைத்த கதை ஊரெல்லாம் நாறும். கஞ்சிரா வாசிக்கும் என் வீட்டுக்காரர் எந்த முகத்தோடு வந்து உட்காருவார்? ஒரு பொய் சொல்லிக் கொட்ட வைக்கலாமா என்று பார்த்தேன். ஈப்போவாக இருந்தால் பல்லி விழுந்துவிட்டது என்று சொல்லியிருப்பேன். இந்த ஊரில் பல்லிக்கு நான் எங்கே போவது?

என் தோழி என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீர்?" என்றார். சொன்னேன். பீர் என்றதும் அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"அப்ப நிண்டு என்ன செய்யிறீர்? சின்னப்பிள்ளையள் எல்லே சாப்பிடப் போகுதுகள். உமக்குச் சொல்லக் கஷ்டமெண்டா நான் போய்ச் சொல்லட்டே?"

வாசல் பக்கம் குடைகளோடு குடும்பங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளைகள் தண்ணீர் தேங்கிய இடமாகப் பார்த்துக் குதித்தார்கள். வேண்டாம், நானே சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு நடந்தேன். நேராகப் பெரியக்காவின் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, இந்தச் சாம்பாரைக் கொட்டிடுங்க" என்றேன்.

"ஏன்?"

"இது பீர் காய்ச்சுற சட்டி. எங்க வீட்டுக்காரர் காய்ச்சுறது. கழுவுறதுக்குக் காஸ்டிக் ஊத்தி வச்சிருக்கார். அது அடியில நின்னிருக்கு. எனக்குத் தெரியாதுக்கா. இப்பதான் போன்ல சொன்னார்."

பெரியக்கா குனிந்து கேஸை அணைத்தார். சட்டியை மூடினார். பிறகு எல்லோரையும் பார்த்து, "யாராச்சும் வாயில வச்சீங்களா? கையில பட்டுச்சா? பட்டிருந்தா உடனே போய்க் கழுவுங்க" என்றார். யாரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"பீரா?"

"ஆமாக்கா."

"பெருமாளுக்கு?"

எனக்கு அழுகைதான் வந்தது. குழுவில் மூத்தவர் ஒருவர், மாசம் முழுக்க விரதம் இருந்ததெல்லாம் வீணாகப் போச்சே என்று சத்தம் போட ஆரம்பித்தார். பெரியக்கா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அப்பறம் திட்டலாம், நானும் சேர்ந்து திட்டுறேன். இப்ப ஜனங்க வந்துட்டாங்க. தயிர் எவ்ளோ இருக்குன்னு பாருங்க."

இருந்த தயிரோடு கடையிலிருந்து இன்னும் கொஞ்சம் வாங்கி வந்தார்கள். பக்கத்தில் வீடு இருந்தவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு பாத்திரத்தையும் பெரியக்கா கையை விட்டுத் தடவிப் பார்த்துக் கழுவ வைத்தார். நான் வெட்டிய பூசணிக்காய் எல்லாம் மோர்க்குழம்புக்குள் போனது. பந்தி தாமதமாகத்தான் ஆரம்பித்தது. அதுவரை பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தைக் கொடுத்து உட்கார வைத்தோம். என்னை யாரும் விரட்டவில்லை, யாரும் பேசவும் இல்லை. என் தோழி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து தேவையில்லாமல் கொத்தமல்லியை நறுக்கிக்கொண்டே இருந்தார்.

என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து அப்படியே, மின்னுகிற மஞ்சள் மேல்சட்டையோடு வந்து இறங்கினார். கிளவுஸ் மாட்டிக்கொண்டு சட்டியை ஓரமாகத் தூக்கி வைத்தார். பிறகு எல்லோர் முன்னாலும் நின்று, தப்பு என்னுடையது, ஊற வைத்ததை எழுதி ஒட்டியிருக்க வேண்டும் என்றார். பெரியக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "கழுவுறதுல பெரிய ஆளாமே நீ? வா, பந்தி முடிஞ்சதும் பாத்திரம் பூரா உன்னுது" என்றார். அன்று அந்த மண்டபத்தின் பாத்திரம் அத்தனையையும் அவர்தான் கழுவினார். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத காட்சி.

கதை பரவாமல் இருக்குமா? ஹென்டர்சன் கடைத்தெருவில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. பார்க்காததுபோல் போனவர்களும் உண்டு. இரண்டு பேர் தனியாக வந்து, அந்தப் பீர் எப்படிக் காய்ச்சுவது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஃபார்மசியில் வேலை பார்க்கும் ஒருவர், அவ்வளவு புளி ஊற்றியதில் காரம் முறிந்திருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது என்றார். இருக்கலாம். அந்தச் சோதனையை யார் வயிற்றில் செய்து பார்ப்பது?

மறுநாள் காலை பசியாறிக்கொண்டிருக்கும்போது பெரியக்கா போன் செய்தார். திட்டுவேன் என்றாரே, அந்த வாக்கை அவர் தவறவில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்க்காமல் எவளாவது கொண்டு வருவாளா என்பதில் ஆரம்பித்து, என் சாமர்த்தியம், என் பவிசு, என் வீட்டுக்காரரின் நாமம் வரை ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. நானும் சரிக்கா, சரிக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இனிமேல் அந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை என்று மனசுக்குள் முடிவும் செய்துவிட்டேன்.

பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். 

"நேத்து என் மகளோட பிள்ளைக்கு மொத சோறு ஊட்டினோம்" என்றார். "பெருமாளுக்குப் படைச்ச சாம்பார் சோறுதான் ஊட்டணும்னு வச்சிருந்தேன். மிளகாத்தூள் போடுறதுக்கு முன்னாடி அந்தச் சட்டியிலேர்ந்து பிள்ளைக்குத் தனியா எடுத்து வைக்கக் கிண்ணத்தைக்கூடக் கழுவி வச்சுட்டேன். நீ வந்து சொன்னப்ப கிண்ணம் என் கையிலதான் இருந்துச்சு."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு பழைய குரலில், அடுத்த பூஜைக்குச் சீக்கிரம் வா என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனேன். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன். எங்கள் அடுப்பங்கரையில் எந்தப் பாத்திரம் அடுப்பில் ஏறினாலும் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை மஞ்சளைப் போட்டு, நிறம் மாறுகிறதா என்று பெரியக்கா பார்ப்பார். மாறவில்லை என்றால் கொட்டிவிட்டுச் சமையலை ஆரம்பிப்பார். புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ சாஸ்திரம் என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள். நாங்களும் விட்டுவிட்டோம்.

சொன்னால் மானம் போய்விடும் என்று தோன்றுகிற சந்தர்ப்பங்கள் அதற்குப் பிறகும் எனக்கு வந்திருக்கின்றன. அப்போதெல்லாம் பல்லே முளைக்காத அந்தக் குழந்தையின் வாய் என் கண்முன் வந்துவிடும், நானும் மானத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.